பொறிக்கு முறை வைத்த கருவி

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை. மாதாப்பூர் சைபர் டவர்ஸ் சந்திப்புக்குச் சற்று முன்னால் பழைய அம்பாசடர் கார் ஒன்று நடுரோட்டில் நின்றுவிட்டது. இரவு முழுதும் பெய்த மழை அப்போதும் தூறிக்கொண்டிருந்தது. பின்னால் ஆட்டோக்களும் கம்பெனி பஸ்களும் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டின. காரோட்டி ஸெல்ப் போட்டுப் பார்த்தார். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

பக்கத்துச் சந்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மதுரைப் பெரியவர் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பானெட்டைத் தூக்கினார். என்ஜினின் பக்கவாட்டில் ஐந்து தடித்த வயர்கள் முளைத்து நின்ற கருப்பு மூடி ஒன்றின் கிளிப்புகளைத் தட்டிவிட்டார். மூடியைத் திருப்பி, உட்புறத்தைத் தம் துண்டின் உலர்ந்த முனையால் நன்றாகத் துடைத்தார். இரண்டு முறை ஊதினார். மறுபடி மாட்டினார். "இப்ப அடிங்க" என்றார். ஒரே சுற்றில் என்ஜின் பிடித்துக்கொண்டது.

கூட்டத்தில் நின்ற இளைஞர் ஒருவர், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, "என்ன ஐயா செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லை தம்பி. டிஸ்ட்ரிபூட்டர்ல ஈரம். கரண்ட் வழி மாறிப் போச்சு. துடைச்சு விட்டேன்."

"டிஸ்ட்ரிபியூட்டரா? அது என்னது?"

பெரியவர் அவரைச் சற்று நேரம் பார்த்தார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க தம்பி?"

"கார் என்ஜினுக்குத்தான் ஐயா, சாஃப்ட்வேர் எழுதறோம்."

பெரியவர் சிரித்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை கடைக்கு வாங்க. காட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரிப்பில் குற்றம் இல்லை. அந்த இளைஞரைப் போல் லட்சக்கணக்கானோர் இன்று கார் ஓட்டுகிறார்கள். அவர்கள் கார்களில் இந்தக் கருவி இல்லை. ஆனால் சுமார் தொண்ணூறு ஆண்டுக் காலம் பெட்ரோல் காரை ஓட வைத்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. மோட்டார் தொழிலில் நம்மவர்கள் பலர் இதன் மூடியைக் கழற்றி மாட்டித்தான் தொழில் பழகினார்கள். எனவே இதன் கதையைத் தெரிந்துகொள்வது தகும்.

குமாஸ்தா வேலை

பெட்ரோல் என்ஜினில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் நுழைகின்றன. பிஸ்டன் அதை அமுக்குகிறது. அமுங்கிய கலவையில் ஒரு மின்பொறி விழுந்தால் அது பற்றி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதான் காரை நகர்த்துகிறது. பொறி கொடுப்பது ஸ்பார்க் பிளக்.

நான்கு சிலிண்டர் இருந்தால் நான்கு பிளக். ஆனால் நான்கிலும் ஒரே நேரத்தில் பொறி விழக் கூடாது. அம்பாசடரில் முதலில் ஒன்றாம் சிலிண்டர், பிறகு மூன்று, பிறகு நான்கு, கடைசியில் இரண்டு. இந்த வரிசை மாறினால் என்ஜின் இருமும், வெடிக்கும், ஓடாது.

கிராமத்தில் முறைத் தண்ணீர் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாய்க்கால் ஒன்று, வயல்கள் நான்கு. ஒரு மடையைத் திறந்து மற்றவற்றை அடைத்து, முறை வைத்துப் பாய்ச்சினால்தான் எல்லா வயலும் விளையும். ஆபீசில் டெஸ்பாட்ச் குமாஸ்தா செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். தபால் எழுதுவது அவர் அல்ல. எந்தத் தபால், எந்தப் பிரிவுக்கு, எந்த நேரத்தில் என்பதே அவர் பொறுப்பு. காயில் என்னும் கம்பிச் சுருள் உண்டாக்கிய மின்சாரத்தை வாங்கி, உரிய பிளக்குக்கு உரிய நேரத்தில் அனுப்பும் டெஸ்பாட்ச் குமாஸ்தாதான் டிஸ்ட்ரிபியூட்டர்.

அவசரத்தையும் சொல்ல வேண்டும். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது வினாடிக்கு 100 பொறி வேண்டும். ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குதான் அவகாசம். வேகம் இரட்டித்தால் அந்த அவகாசமும் பாதியாகும்.

பொறியின் பூர்வீகம்

என்ஜினுக்குள் தீ மூட்டுவது தொடக்கத்தில் பெரும்பாடாக இருந்தது. பாரிஸில் 1860-ல் லெனுவார் என்பவர் செய்த வாயு என்ஜினில் ரும்கார்ப் சுருள் என்ற கம்பிச் சுருளிலிருந்து மின்பொறி எடுத்தார். அந்த என்ஜினின் பிஸ்டனுக்கு இரு பக்கமும் தள்ளு உண்டு. ஆகவே பொறியைச் சிலிண்டரின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் மாற்றி மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது. பொறிக்கு முறை வைக்கும் தேவை அன்றே பிறந்துவிட்டது.

ஜெர்மனியில் டெய்ம்லர் மின்சாரத்தை நம்பவில்லை. சிலிண்டரில் ஒரு சிறு குழாயைச் செருகி, அதை வெளியிலிருந்து விளக்கால் பழுக்கக் காய்ச்சினார். பெட்ரோல் வண்டியில் எரியும் விளக்கு! காற்றடித்தால் அணையும், வண்டி கவிழ்ந்தால் தீப்பிடிக்கும். எந்த நேரத்தில் பற்ற வேண்டும் என்பதையும் அந்தக் குழாயிடம் கட்டளையிட முடியாது. 1886-ல் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குப் பேடண்ட் வாங்கிய கார்ல் பென்ஸ், பாட்டரியையும் அதிரும் சுருளையும் கையாண்டார். பற்றவைப்பதே பிரச்னைகளுக்கெல்லாம் தலையாய பிரச்னை என்பது அவர் அனுபவம்.

மூன்றாவது வழியைக் காட்டியவர் ஸ்டுட்கார்ட் நகரத்து ராபர்ட் பாஷ். காந்தத்தின் நடுவே கம்பிச் சுருளை அசைத்தால் மின்சாரம் பிறக்கும், பாட்டரி தேவையில்லை. இதுதான் மாக்னெட்டோ. 1887-ல் நிலையான என்ஜின்களுக்கும் 1897-ல் மோட்டார் வண்டிக்கும் அவர் பட்டறை இதைப் பொருத்தியது. 1902-ல் அவரிடம் பணிபுரிந்த காட்லோப் ஹோனோல்டு, ஸ்பார்க் பிளக்குக்கு வேண்டிய உயர் அழுத்த மின்சாரத்தை நேரே தரும் மாக்னெட்டோவைச் செய்துவிட்டார். பல சிலிண்டர் என்ஜினுக்கான மாக்னெட்டோவின் முகப்பிலேயே பொறியைப் பங்கிடும் சுழல் தகடும் இடம்பெற்றது.

நிஜாமின் கார்

இந்தக் காலத்துக் கார் ஒன்றை நாமே இங்கு பார்க்கலாம். சார்மினாரை ஒட்டிய சௌமஹல்லா அரண்மனையில் மஞ்சள் நிற ரோல்ஸ்ராய்ஸ் கார் ஒன்று நிற்கிறது. 1912-ஆம் ஆண்டு ஸில்வர் கோஸ்ட் வகை. ஆறாவது நிஜாம் மெஹபூப் அலி கானுக்காக வாங்கச் சொன்னது. கார் வந்து சேருமுன் 1911-ல் அவர் காலமாகிவிட்டார். பின் இருக்கை சிம்மாசனம் போல் உயர்ந்து நிற்பதைப் பார்வையாளர்கள் வியந்து பார்ப்பார்கள். பானெட்டுக்குள் இருக்கும் வியப்பை யாரும் நினைப்பதில்லை.

அக்காலத்து ஸில்வர் கோஸ்ட் காரில் ஆறு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். ஒரு வரிசைப் பிளக்குகளுக்கு மாக்னெட்டோ பொறி தரும். மறு வரிசைக்குப் பாட்டரியும் அதிரும் சுருளும் டிஸ்ட்ரிபியூட்டரும் பொறி தரும். ஒன்று காலை வாரினால் மற்றொன்று. உலகிலேயே சிறந்த கார் என்று பெயரெடுத்த காரைச் செய்தவர்களே ஒற்றை முறையை நம்பத் துணியவில்லை என்றால், பொறி விஷயம் அன்று எவ்வளவு நிச்சயமற்று இருந்தது என்பது விளங்கும்.

அதிரும் சுருளில் ஒரு வேடிக்கையும் உண்டு. என்ஜின் சுற்றாமல் நின்றாலும் அது பொறிகளைப் பொழிந்துகொண்டே இருக்கும். சிலிண்டரில் கலவை மிச்சமிருந்தால், சுவிட்சைப் போட்டுப் பொறி நெம்புகோலைத் தள்ளினாலே சில கார்கள் உயிர்பெற்றுவிடும். மற்றபடி, முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றத்தான் வேண்டும்.

கையை முறித்த பொறி

கைப்பிடி சுற்றுவதில்தான் ஆபத்து இருந்தது. பிஸ்டன் மேலே வருமுன்பே பொறி விழுந்துவிட்டால் என்ஜின் பின்னோக்கி உதைக்கும். கைப்பிடியைப் பிடித்தவரின் மணிக்கட்டு முறியும், தாடையும் உடையும். அதனால் சுற்றுமுன் பொறியை 'பின்னால்' தள்ளிவைக்க வேண்டும். அதற்கென ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே ஒரு நெம்புகோல் இருந்தது. மறந்தவருக்கு மாவுக்கட்டு.

அம்பாசடரிலும் நெடுங்காலம் கைப்பிடி உண்டு. பாட்டரி இறங்கிய காலைகளில் 'ஹாண்டில் அடிப்பது' கிளீனர் பையனின் வேலை. கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடி என்று மூத்தவர்கள் முதல் நாளே சொல்லித் தருவார்கள். உதைத்தால் கைப்பிடி நழுவட்டும், விரல் தப்பட்டும் என்பதற்காகத்தான்.

நான்கு பெட்டியும் ஒரு பெட்டியும்

1908-ல் வெளிவந்து 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு 'டி' மாடல் காரில், சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு சுருள்கள் மரப் பெட்டிகளில் இருந்தன. என்ஜின் முன்புறத்தில் சுழலும் 'டைமர்' ஒன்று, குறைந்த அழுத்த மின்சாரத்தை எந்தச் சுருளுக்கு விடுவது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தது. பழுது பார்க்க எளிது. ஆனால் நான்கு பெட்டியின் அதிர்வும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும். ஒன்று மந்தமானால் அந்தச் சிலிண்டர் பின்தங்கும்.

நான்கு சுருளுக்குப் பதிலாக ஒரே சுருள் வைத்துக்கொண்டு, அதிலிருந்து வரும் உயர் அழுத்த மின்சாரத்தையே பங்கிட்டால் என்ன? அமெரிக்காவில் அட்வாட்டர் கென்ட் முதலிய சிலர் இந்த வழியில் முயன்றார்கள். இதைப் பெரிய அளவில் கார் தொழிலுக்குள் கொண்டுவந்து நிலைநாட்டியவர் சார்லஸ் கெட்டரிங்.

கெட்டரிங் 1876-ல் ஒஹாயோ மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். டேட்டன் நகரில் கடைக் கல்லாப்பெட்டி செய்யும் கம்பெனியில் என்ஜினீயர். கல்லாப்பெட்டியைத் திறக்கச் சிறு மின் மோட்டார் அமைத்துப் பேரெடுத்தார். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், நண்பர் எட்வர்டு டீட்ஸின் வீட்டுக் கொட்டகையில் கூட்டாளிகளோடு கார் பொறிக் கருவியை ஆராய்ந்தார். 1909-ல் காடிலாக் கம்பெனித் தலைவர் ஹென்றி லீலண்டு அதை ஏற்று ஆர்டர் கொடுத்தார். கொட்டகை டெல்கோ என்ற கம்பெனி ஆயிற்று. பொறி மழை பொழியாமல், ஒரு முறைக்கு ஒரே பலமான பொறி. அதனால் பாட்டரி நெடுநாள் வந்தது. 1912 காடிலாக்கில் பொறி, விளக்கு, ஸெல்ப் ஸ்டார்ட்டர் மூன்றும் ஒரே மின் ஏற்பாட்டில் இணைந்தன. மணிக்கட்டு முறிந்த காலம் மெல்ல மறையத் தொடங்கியது.

பாட்டரியை நம்பும் முறைக்கு இங்கே ஒரு கூடுதல் பலன் இருந்தது. மாக்னெட்டோவை மெதுவாகச் சுற்றினால் பொறி மங்கலாக விழும். என்ஜினைக் கிளப்பும் நேரத்தில்தான் நல்ல பொறி வேண்டும். அந்த நேரத்தில்தான் மாக்னெட்டோ தளரும். பாட்டரிக்கு அந்தக் குறை இல்லை. காரில் பாட்டரியும் டைனமோவும் எப்படியும் இருக்கும் என்று ஆனபின் மாக்னெட்டோ கார்களை விட்டு விலகிற்று.

கிண்ணத்துக்குள் என்ன?

ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞர் சொன்னபடியே பெரியவரின் கடைக்குப் போனார். பெரியவர் மரப்பெட்டியிலிருந்து பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றை எடுத்து, பழைய செய்தித்தாளை விரித்துப் பகுதி பகுதியாகக் கழற்றி வைத்தார்.

நடுவில் ஓர் எஃகுத் தண்டு. என்ஜினின் காம்ஷாஃப்டிலிருந்து இதற்குச் சுழற்சி வருகிறது. என்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால் இது ஒரு சுற்று. ஏனெனில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி தேவை. தண்டின் அடியில் உள்ள கொக்கி மையத்திலிருந்து சற்றே விலகியிருக்கும். அவசரத்தில் தலைகீழாகப் பொருத்தினாலும் உள்ளே இறங்காது. தொழிலாளியின் கை தவறும் என்று முன்கூட்டியே எண்ணி வைத்த ஏற்பாடு இது.

தண்டின் மேல் நான்கு மூலையுள்ள காம். அது சுழலும்போது ஒவ்வொரு மூலையும் ஒரு சிறு கையைத் தள்ளும். அந்தக் கையின் நுனியில் டங்ஸ்டன் பொட்டு. எதிரே இன்னொரு பொட்டு. இவைதான் 'பாயிண்ட்'. பொட்டுகள் சேர்ந்திருக்கும்போது பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் சுருளுக்குள் பாய்ந்து காந்த சக்தியைச் சேமிக்கிறது. காம் தள்ளிப் பொட்டுகள் பிரிந்ததும் அந்தக் காந்த சக்தி சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவில் சுருளின் இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்புகிறது. அணையில் தேக்கிய நீர் மதகு திறந்ததும் பாய்வதைப் போல என்று பெரியவர் விளக்கினார்.

பாயிண்ட் இடைவெளி அம்பாசடருக்கு 15 'தவ்'; அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. அளவுத் தகடு கையில் இல்லாதவர்கள் விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்ப்பார்கள். பிளக்குக்கு 25 தவ். அதற்கு ஹாக்ஸா பிளேடு.

பாயிண்ட் பக்கத்தில் சுண்டு விரல் அளவு உருளை: கண்டென்சர். பொட்டுகள் பிரியும்போது அவற்றிடையே தீப்பொறி பறந்து பொட்டு கருகாமல் இது காக்கிறது. காந்த சக்தி சட்டென்று சரியவும் உதவுகிறது. கண்டென்சர் போனால் பாயிண்ட் கருகும். பாயிண்ட் கருகினால் வண்டி மிஸ் அடிக்கும். அதனால்தான் மெக்கானிக்குகள் இரண்டையும் சேர்த்தே மாற்றுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ரோட்டார் என்னும் சுழல் முள். சுருளிலிருந்து வரும் உயர் அழுத்த மின்சாரம் மூடியின் நடுவில் உள்ள கரித் துண்டு வழியாக இதில் இறங்கி, முள் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பிளக் வயருக்குப் போகும். முள் வயர் முனையைத் தொடுவதில்லை. மயிரிழை இடைவெளியைத் தாண்டி மின்சாரமே குதிக்கிறது. ஆரம்ப காலக் கருவிகள் சிலவற்றில் கரித் துண்டு முனைகளை உரசிக்கொண்டே ஓடியது. உரசிய கரித்தூள் தடத்தில் படிந்து, மின்சாரம் தவறான சிலிண்டருக்கு ஓடிற்று. தொடாமல் கொடுப்பதே நல்லது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

மூடிக்கும் வரலாறு உண்டு. தொடக்கத்தில் கடினமாக்கிய ரப்பர் முதலிய பொருள்களால் செய்தார்கள். என்ஜின் சூட்டில் அவை நெடுநாள் நிற்கவில்லை. 1907-ல் லியோ பேக்லண்டு கண்ட பேக்லைட், சூட்டில் இளகாமல், மின்சாரம் கடக்காமல், அச்சில் வார்க்க எளிதாக இருந்தது. இதனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மலிந்தது, நம்பகமும் ஆயிற்று. அந்த மூடியில் மயிரிழை விரிசல் விட்டாலோ ஈரம் படிந்தாலோதான் மாதாப்பூரில் அன்று நடந்தது நடக்கும்.

முந்தும் பொறி

பெரியவர் அடித் தகட்டைக் கழற்றியதும் இளைஞரின் முகம் மாறிற்று. அதன் கீழே இரண்டு இரும்பு எடைகள், இரண்டு ஸ்பிரிங்குகள். "இது எதுக்கு ஐயா?"

அவர் சொன்னதன் சாரம் இது. பொறி விழுந்த உடனே கலவை முழுதும் எரிந்துவிடாது. தீ பரவச் சிறிது நேரம் ஆகும். அது ஒரு வினாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 1,000 சுற்று ஓடும் என்ஜின் அந்த நேரத்தில் 12 பாகை திரும்பிவிடும். 3,000 சுற்றில் 36 பாகை. ஆகவே வேகம் கூடக் கூடப் பொறி முந்திக்கொள்ள வேண்டும். பழைய கார்களில் ஓட்டுநர் நெம்புகோலால் செய்த இந்த வேலையை எடைகள் தாமாகச் செய்கின்றன. வேகம் கூடினால் அவை ராட்டினத் தொட்டில் போல் வெளியே விலகி, காமைச் சற்றே முன்னால் திருப்புகின்றன. வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே பலம் அல்ல. ஒன்று மெல்லியது, மற்றது தடித்தது. முதலில் மெல்லியது இளகிப் பொறி வேகமாக முந்தும். பிறகு தடித்ததும் சேர்ந்து பிடிக்க, முந்துதல் நிதானமாகும். இதற்கு மேல் பக்கவாட்டில் சப்பையான டப்பா ஒன்று. கார்புரேட்டரின் உறிஞ்சலை அறிந்து, பாரம் குறைவாக ஓடும்போது பொறியை இன்னும் சற்று முந்தச் செய்யும், பெட்ரோல் மிச்சம்.

அளவு மீறிப் பொறி முந்தினால் என்ஜின் 'கடகட' என்று தட்டும். இந்தத் தட்டல் கெட்டரிங்கையே வாட்டியது. அவருடைய பொறிக் கருவிதான் காரணம் என்று பழி வந்தது. தட்டலின் மூலத்தைத் தேடிய அவரது ஆராய்ச்சிக் கூடத்தில் 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருள் கலந்தால் தட்டல் நிற்பதைக் கண்டார். தட்டல் நின்றது; ஈயப் புகை உலகெங்கும் பல்லாண்டு காற்றில் கலந்தது. நம் நாடு முழுதும் ஈயம் நீங்கிய பெட்ரோல் வந்தது 2000-ஆம் ஆண்டில்தான்.

பாடியில் செய்தவை

அந்தக் கருவியின் உடலில் லூகாஸ் டி.வி.எஸ். என்று பொறித்திருந்தது. பெரியவர் அதைத் துடைத்துக் காட்டினார். மதுரையில் 1911-ல் வேர்விட்ட டி.வி.எஸ். நிறுவனமும் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியும் கூட்டாக 1961-ல் தொடங்கிய தொழிற்சாலை சென்னையை அடுத்த பாடியில் இருக்கிறது. டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் என்று காரின் மின் உறுப்புகள் அங்கே உருவாயின. பெங்களூரில் 1951-ல் தொடங்கிய மைக்கோ கம்பெனி ஸ்பார்க் பிளக் செய்தது. உத்தரபாராவில் அம்பாசடர், பம்பாய் குர்லாவில் ஃபியட், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று கார்கள் பிறந்த இடம் வேறு வேறு. ஆனால் டெல்லியானாலும் ஐதராபாத்தானாலும் மெக்கானிக் மூடியைக் கழற்றினால் பல வண்டிகளில் பாடியின் முத்திரையைக் கண்டார்.

அந்தக் காலத்தில் டைமிங் வைப்பது ஒரு கலை. 12 வோல்ட் பல்பு ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டர் முனைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே மாட்டுவார்கள். இக்னிஷன் சாவியைப் போட்டு, கருவியின் உடலை இம்மி இம்மியாகத் திருப்புவார்கள். பாயிண்ட் பிரியும் கணத்தில் பல்பு எரியும். அதுதான் சரியான இடம். கைதேர்ந்தவருக்குப் பல்பும் வேண்டாம். என்ஜின் ஓசையைக் கேட்டுக்கொண்டே திருப்பி, 'இங்கே நில்' என்று திருகாணியை இறுக்கிவிடுவார். ஒரு வண்டி நன்றாக ஓடுகிறதென்றால் அதில் ஒரு மனிதரின் காது இருந்தது.

எங்கே போயிற்று?

முதலில் போனது பாயிண்ட். 1970-களில் அமெரிக்கக் கார்களில் பொட்டுகளுக்குப் பதில் காந்த உணர்வுக் கருவி வந்தது. 1973-ல் கிரைஸ்லர் அதை எல்லாக் கார்களுக்கும் ஆக்கிற்று. தேய்மானம் இல்லை, இடைவெளி பார்க்கும் வேலையும் இல்லை. பிறகு எடைகளும் ஸ்பிரிங்கும் போயின. கடைசியில் முள்ளும் மூடியும் போயின. நம் நாட்டில் 2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு கடுமையானதும் கார்புரேட்டர் ஒழிந்தது. கூடவே புதுக் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரும் மறைந்தது. அம்பாசடர் உற்பத்தியே 2014-ல் நின்றது.

இப்போது பல என்ஜின்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிச் சுருள் உட்கார்ந்திருக்கிறது. சுழல் தண்டில் ஒரு பற்சக்கரம். அறுபது பல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பல் இருக்காது. அந்த வெற்றிடம் கடக்கும்போது கம்ப்யூட்டர் கணக்கைத் தொடங்கி, ஒவ்வொரு பல்லாக எண்ணி, எந்தச் சிலிண்டருக்கு எப்போது பொறி என்று முடிவு செய்கிறது. எவ்வளவு முந்த வேண்டும் என்பது அதன் நினைவில் அட்டவணையாக இருக்கிறது. இத்தகைய கணக்கெழுதும் வேலையில் நம் நாட்டு இளைஞர் பலர் இருக்கிறார்கள். மாக்னெட்டோ செய்த பாஷ் பெயர் தாங்கிய நிறுவனத்துக்குக் கோவையிலேயே மென்பொருள் கூடம் உண்டு.

இளைஞர் அந்த இரண்டு ஸ்பிரிங்குகளையும் விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். முதலில் செங்குத்தாக ஏறி, நடுவில் சாய்ந்து போகும் கோடு. "எங்க அட்டவணையை வரைஞ்சா இப்படித்தான் ஐயா வரும். ஏன் நடுவுல மடங்குதுன்னு ஆபீஸ்ல நான் கேட்டதே இல்லை. பழைய கணக்கு, அப்படியே வந்துருக்குன்னு சொன்னாங்க."

"மடக்கினது அந்தத் தடிச்ச ஸ்பிரிங்கு" என்றார் பெரியவர்.

தொழில் மாறும்போது கருவி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. கருவியோடு சேர்த்து அதன் காரணத்தையும் எடைக்குப் போட்டுவிடுகிறோம். நட்டம் அங்கேதான். பாயிண்டைச் சரிசெய்த கைகளுக்கு இன்று வேலை குறைந்துவிட்டது. அந்தப் பெரியவரின் கடையிலும் இப்போது ஸ்கூட்டர்கள்தான் நிற்கின்றன. ஆனால் பொறி ஏன் முந்த வேண்டும், எப்போது பிந்த வேண்டும் என்ற அறிவுக்கு வயதாகவில்லை. அது இரும்பிலிருந்து எண்ணுக்கு இடம் மாறியிருக்கிறது. எண்ணை எழுதுகிறவர் இரும்பைத் தொட்டுப் பார்த்தவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இருவருக்கும் லாபம். மாதாப்பூரில் அந்த இருவரும் ஒரே தெருவில் டீ குடிக்கிறார்கள், பேசிக்கொள்வதுதான் இல்லை.

புறப்படும்போது இளைஞர் தயங்கித் தயங்கி, அந்தக் கருவியை விலைக்குத் தர முடியுமா, ஆபீஸ் மேசையில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். பெரியவர் பணம் வாங்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

"மேசையில வச்சு அழகு பார்க்காதீங்க தம்பி. மாசத்துக்கு ஒருதரம் கழட்டி மாட்டுங்க. இல்லேன்னா உள்ளே பிடிச்சுக்கும்."